கட்சி வேறு, கம்பெனி வேறு: மைக்கா தந்த பாடம்



இங்கு வந்திருக்கும் பலர் வீட்டில், பிறப்புப் பத்திரத்தோடு ஒரு மைக்கா பங்குப் பத்திரமும் பத்திரமாக இருந்திருக்கும். 1982-இல் ம.இ.கா. தொடங்கிய முதலீட்டு நிறுவனம் அது. ஏறக்குறைய 66,000 இந்தியர்கள் 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் போட்டார்கள். அவர்களில் பலர் தோட்டப் பாட்டாளிகள். நகையை அடகு வைத்துப் போட்டவர்களும் உண்டு.

எதை நம்பிப் போட்டோம்? கணக்கைப் பார்த்துப் போடவில்லை. கட்சி சொன்னது, தலைவர் சொன்னார், போட்டோம்.

1990-இல் டெலிகாம் பங்குகள் விற்பனைக்கு வந்தன. அரசாங்கம் ஒதுக்கியது 10 மில்லியன் பங்குகள். மைக்காவுக்கு வந்ததோ 1 மில்லியன்தான். மீதி 9 மில்லியன் வேறு மூன்று கம்பெனிகளுக்குப் போனது. அதிகாரிகள் விசாரித்தார்கள், யார் மீதும் வழக்கு வரவில்லை. யார் குற்றவாளி என்று பேச நான் இங்கு வரவில்லை. சட்டம் படித்தவன் என்ற முறையில் என் கேள்வி வேறு. பணம் போட்ட 66,000 பேருக்கும் இந்தச் சேதி, விவகாரம் வெளியே வெடித்த பிறகுதானே தெரிந்தது?

கட்சியும் கம்பெனியும் ஒரே கையில் இருந்தால் இப்படித்தான் நடக்கும். சட்டப்படி ஓர் இயக்குநர் கம்பெனியின் நலனைத்தான் பார்க்க வேண்டும். கட்சித் தலைவருக்கோ கட்சியின் நலன் பெரிது. அங்கே கணக்குக் கேட்பவனைப் பங்குதாரனாகப் பார்க்க மாட்டார்கள். எதிரணிக்காரன் என்று முத்திரை குத்தி உட்கார வைத்து விடுவார்கள்.

2010-இல் ஒரு தனியார் நிறுவனம் பங்குகளை வாங்கிக் கொள்ள முன்வந்தது. 1 வெள்ளிக்கு வாங்கிய பங்குக்கு, 28 ஆண்டுகள் கழித்துக் கொடுத்த விலை 80 சென்.

அது முடிந்த கதை. ஆனால் நாளைக்கு இன்னொரு கூட்டுறவு, இன்னொரு நிதி என்று உங்கள் வாசலுக்கு வருவார்கள். அப்போது மூன்று விஷயங்களை மறக்காதீர்கள்.

ஒன்று, தணிக்கை செய்த கணக்கறிக்கையைக் கேளுங்கள்.

இரண்டு, உங்களுக்குப் பதிலாக ஓட்டுப் போடும் பிரதிநிதிப் பாரத்தில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கிளைத் தலைவரிடம் கொடுக்காதீர்கள்.

மூன்று, பொதுக் கம்பெனியில் பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர்கள் ஒன்று சேர்ந்தால், கூட்டம் கூட்டும்படி இயக்குநர்களைக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. தனியாக நின்றால் நம் குரல் எடுபடாது. சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

தேர்தலில் ஓட்டு உங்கள் இஷ்டம். காசு போடும் இடத்தில் மட்டும், கட்சிக்கொடியைப் பார்க்காமல் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள்.