ஓய்வும் ஊதியமும்



பத்தாம் ஆண்டு நிறைவில் பணி ஓய்வுக்குப் பின்னான வாழ்வு குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். ஓய்வு பெற எனக்கு இன்னும் பல ஆண்டுகள் உள்ளன. ஆயினும் இவ்வவையின் முன்வரிசையில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய ஒன்று எனக்கு இருந்ததால் இசைந்தேன்.

சொல்லிலிருந்து தொடங்குகிறேன், தமிழ் கற்பிப்பவர்க்கு வேறு வழி தெரியாது. ஓய்தல் என்பது பழந்தமிழில் தளர்தல், மெலிதல் என்னும் பொருளது. ஊதியம் என்பதோ வள்ளுவர் வழக்கில் ஆதாயம். சம்பளம் என்னும் பொருள் பின்னர் வந்து சேர்ந்தது. இரண்டையும் இணைத்து ஓய்வூதியம் என்றோம். தளர்ந்தமைக்குத் தரும் சம்பளம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஓய்வினால் விளையும் ஆதாயம் என்றும் கொள்ளலாம். நம்மவர் பலர் முதற்பொருளோடு நின்றுவிடுகின்றனர். (2003 ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் பணியேற்ற என் தலைமுறைக்கு அந்த முதற்பொருளும் முன்னவர்க்குப்போல் உறுதியாய்க் கிட்டவில்லை என்பது வேறு கதை.)

தமிழக அரசு ஓய்வு பெறும் வயதை 2020இல் 58இலிருந்து 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்த்தியது. அறுபதில் வீடு திரும்புகிறவர் பள்ளிக்கூட மணியையும் உடன் கொண்டுவந்துவிடுகிறார். ஒன்பதரை ஆனால் உள்ளம் பரபரக்கிறது. வருகைப் பதிவேடு இல்லை; ஆகவே வீட்டாரின் போக்குவரவைப் பதியத் தொடங்குகிறார். விரைவு உடலை விட்டு நீங்கியும் உள்ளத்தை விட்டு நீங்குவதில்லை.

உ. வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியப்பணி ஏற்று, 1919இல் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். அதன் பின்னரே 1924இல் பெருங்கதையும் 1937இல் குறுந்தொகையும் அவர் பதிப்பில் வெளிவந்தன. என் சரித்திரத்தை அவர் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940இல். 1942இல் மறைந்தபோது அது முற்றுப்பெறாமல் நின்றது. இதனை ஓயா உழைப்புக்குச் சான்றாகவே நாம் மேடைதோறும் கூறிவருகிறோம். எனக்கு அந்நூலில் வேறொன்று தென்படுகிறது. தம் சொந்த ஊராகிய உத்தமதானபுரத்தை அவர் அவசரமே இன்றிச் சொல்லிச் செல்கிறார். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த காலத்தில் அந்நடை அவர்க்குக் கைவந்திராது; அமர்ந்த பின்னரே வாய்த்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

கவிஞர்களுக்கு இன்னும் நெருக்கமானவர் தொடித்தலை விழுத்தண்டினார். அவர் இயற்பெயரை நாம் அறியோம். ஊன்றிய கோலே அவர்க்குப் பெயராயிற்று. புறநானூற்றின் 243ஆம் பாட்டில் அவர் இருமலுக்கிடையே இளமையை எண்ணிப் பார்க்கிறார். மணலில் பாவை செய்ததும், மரக்கிளையேறி மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்ததும் அவர் கண்முன் நிற்கின்றன. நரை வந்ததும் நம் கவிஞர்கள் பலர் அறிவுரை எழுதத் தலைப்படுகின்றனர். அவரோ மணலை எழுதினார்.

நம் பள்ளத்தாக்கிலேயே இதற்கொரு பாடம் உண்டு. கம்பத்துப் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் கொடியை அறியாதவர் கவாத்து முடிந்த மறுநாள் தோட்டத்தைப் பார்த்தால், எல்லாம் போயிற்றே என்று வருந்துவர். பந்தலில் வெறுங்கொம்புகளே நிற்கும். வெட்டுவாயருகில் துளிர்த்து, பூத்து, காய் கறுக்க ஏறக்குறைய நான்கு திங்கள் ஆகும். அந்நாட்களில் தோட்டக்காரர் சும்மா இருப்பதில்லை. நாள்தோறும் பந்தலின்கீழ் அண்ணாந்து பார்த்தபடி நடக்கிறார். கொடியை அவரால் விரைவுபடுத்த இயலாது. பாராமல் இருக்கவும் இயலாது. பணி ஓய்வை இலையுதிர்வு என்று பாடுவோர் கவாத்தை ஒருமுறை நேரில் காணவேண்டும்.

இனி, நான் கேட்க வந்ததற்கு வருகிறேன். தொல்காப்பியர் கற்பியலில் முதுமைக்கென ஒரு நூற்பா வகுத்திருக்கிறார். மக்களும் சுற்றமும் சூழச் சிறந்ததனைப் பயிலச் சொல்கிறார். பயிலுதலாவது அடுத்தடுத்துச் செய்து பழகுதல். காலையில் முல்லைப் பெரியாற்று வாய்க்கால் கரையில் நடப்பதும், ஒரு பாட்டைப் பத்து நாள் வைத்துப் படிப்பதும் அப்பயிற்சியே. ஆனால் அந்நூற்பா கிழவனை மட்டும் சொல்லவில்லை. கிழத்தியையும் உடன் நிறுத்துகிறது. நாம் இரண்டாம் பெயரை மறந்துவிட்டோம். கணவர் பணி நிறைவு பெறுகிறார். மாலையும் பொன்னாடையும் வருகின்றன. அன்று முதல் அவ்வீட்டு அம்மையார்க்குக் காலையில் ஒரு காப்பி கூடுகிறது. பகலுணவும் சூடாக வேண்டியிருக்கிறது. தாமே ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மையாரும் பள்ளியிலிருந்துதான் ஓய்வு பெறுகிறார், அடுப்படியிலிருந்து அன்று. ஒருவரின் நிதானம் மற்றவரின் விரைவின்மேல் கட்டப்படுமாயின், அதனைச் சிறந்தது என்று தொல்காப்பியர் ஒப்புவாரா?

வீட்டுக்கு வெளியிலும் இவ்வினா நிற்கிறது. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியமர்ந்து கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களில் அறுபதைக் கடந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு ஓய்வு வயது குறித்த அரசாணை ஏதுமில்லை. அவர்களைப் பற்றி நம் வட்டத்தில் கவிதைகள் படிக்கப்பட்டுள்ளன. கேட்க அவர்கள் வந்ததில்லை. மாலையில் திரும்பியதும் அவர்களுக்கு உலை வைக்க வேண்டும்.

நம் மாதக் கூட்டம் பத்தாண்டுகளாக மாலை ஆறு மணிக்கே கூடுகிறது. அடுப்பு மூட்டும் நேரம் அது. ஓய்வுபெற்ற ஐயாமார்க்கு எந்நேரமும் ஒன்றே. ஆகவே பதினோராம் ஆண்டிலிருந்து கூட்டத்தை ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றவேண்டும் என்றும், அன்றைய தேநீரை ஐயாமார்களே போடவேண்டும் என்றும் முன்மொழிகிறேன். செயற்குழு இதனைப் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.