மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான்தான்



எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லை. 1989-ல் அரசாங்கத்தோட மகளிர் குழுத் திட்டம் முதன்முதலா ஆரம்பிச்சது நம்ம தருமபுரி மாவட்டத்துலதான். அன்னையில இருந்து சேமிப்பு, கடன்னு நிறையப் பேசிட்டோம். வீட்டுக்குள்ள மறைக்கிற ஒரு விஷயத்தை நான் இன்னைக்குப் பேசுறேன்.

என் கொழுந்தனாருக்கு மனநோய். ஆறு வருஷமா மாத்திரை சாப்பிட்டுத் தெளிவா இருந்தாரு. ஆனா காலையில எழுந்திரிக்க முடியாது, உடம்பும் பெருத்துப் போச்சு. பெங்களூருல கட்டட வேலைக்குப் போன இடத்துல மேஸ்திரி திட்டி அனுப்பிட்டாரு. "நல்லாத்தானே இருக்கீங்க, இன்னும் எதுக்கு மாத்திரை?"ன்னு நான்தான் கேட்டேன். அன்னைக்கே நிறுத்திட்டாரு.

மூணாம் நாள் தூக்கம் போச்சு. வாந்தி, வேர்வை, கை நடுக்கம். உட்கார முடியாம வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாரு. காத்து கருப்புன்னு மந்திரிச்சோம். சில வாரத்துல காதுல குரல் கேக்குதுன்னாரு. கட்டிப் போடுங்கன்னு ஊர்ல சொன்னாங்க. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில, சங்கிலியில கட்டியிருந்ததால தப்பிக்க முடியாம 28 பேர் தீயில செத்தது என் மாமியாருக்கு ஞாபகம் வந்துச்சு. "என் பிள்ளையைக் கட்ட விடமாட்டேன்"னு அழுதாங்க. குழுவுல கைமாத்து வாங்கி மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் புரியும்படி சொன்னாரு. வருஷக்கணக்கா மருந்துக்குப் பழகின உடம்பு, திடீர்னு நிறுத்தினா தடுமாறும். முதல்ல வந்த வாந்தியும் தூக்கமின்மையும் அதுதான். சிலருக்கு வாயும் நாக்கும் தானா அசையும். குரல் கேட்டது நோய் திரும்புற அறிகுறி. "தூக்கம் அதிகம்னு எங்கிட்ட சொல்லியிருந்தா அளவை மாத்தியிருப்பேனே"ன்னாரு. எனக்குத் தலை குனிஞ்சு போச்சு. ஆறு வருஷத்துல நாங்க அதைக் கேக்கவே இல்லை.

மறுபடியும் மருந்து ஆரம்பிச்சு, நிலையான பிறகு மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா அளவைக் குறைச்சாங்க. இப்ப மல்பெரித் தோட்டத்துல வேலை பாக்குறாரு. மாத்திரை இன்னும் உண்டு.

சகோதரிகளே, தூக்கம், உடம்பு பெருக்கிறது, மாதவிலக்கு நின்னு போறது எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட வாய் திறந்து சொல்லுங்க. கர்ப்பம்னாலும் நீங்களா நிறுத்தாதீங்க. மாத்திரை தீர்றதுக்கு முன்னாடியே போய் வாங்குங்க. மனநோயாளியைச் சங்கிலியில கட்டுறது 2017 சட்டப்படி தப்பு. சந்தேகம்னா 14416-க்குப் போன் பண்ணலாம். ராத்திரி பகல் எந்நேரமும் இலவசமா பேசுவாங்க.

எங்க குழுவுல இப்ப சந்தா வாங்கும்போது, "வீட்ல மாத்திரை இருக்கா?"ன்னும் என்னைக் கேக்குறாங்க. நீங்களும் பக்கத்து வீட்டுல கேளுங்க.