ஃபான் ஊர் அதிகாரி



பட்டமளிப்பு விழா மேடைகளில் பெரிய மனிதர்களின் கதையைச் சொல்வது வழக்கம். நான் வரலாற்றில் ஒரு பத்திக்குள் வந்து மறைந்துபோன ஒரு சின்ன அதிகாரியைப் பற்றிப் பேசப்போகிறேன். உங்களில் பலருக்கு முதலில் கிடைக்கப்போவது அவருடையதைப் போன்ற நாற்காலிதான்.

அவர் பெயர் ஜின் யுன். ஆண்டு கி.பி. 194. சீனத்தில் ஹான் பேரரசு பெயரளவுக்கு இருக்கிறது. சிறுவனான பேரரசரோ படைத்தலைவர்களின் பிடியில். யான் மாகாணத்தில் ஃபான் என்ற ஊருக்கு ஜின் யுன் அதிகாரி. வரி, வழக்கு, ஊர்க்காவல் எல்லாம் அவர் தலையில். நம்மூர்த் தாசில்தாரையும் மாஜிஸ்திரேட்டையும் ஒரே மேசையில் உட்காரவைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாகாணம் சாவோ சாவோவின் கையில் இருந்தது. அவர் தன் தந்தையின் சாவுக்குப் பழிவாங்கக் கிழக்கே ஷு மாகாணத்தின்மீது படை கொண்டு போயிருந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய சொந்த ஆட்களே, நண்பர் ஜாங் மியாவும் அதிகாரி சென் கொங்கும், லூ பூ என்ற படைத்தலைவனை உள்ளே அழைத்துவிட்டார்கள். மாகாணமே மளமளவென்று கட்சி மாறியது. மிஞ்சியவை மூன்று ஊர்கள்: ஜுவான்செங், துங்-அ, ஃபான்.

லூ பூ ஜின் யுன்னின் தாயையும் தம்பியையும் மனைவி மக்களையும் பிடித்து வைத்துக்கொண்டார். அதற்கு மேல் கடிதம் எதுவும் எழுத வேண்டியதில்லை.

இந்தப் பக்கத்திலிருந்து செங் யூ வந்தார். துங்-அ ஊர்க்காரர், சாவோ சாவோவின் ஆலோசகர், பழைய சீன அளவில் எட்டடி ஆள் என்று நூல்கள் சொல்லும் உயரம். பிள்ளையாய்ப் பிறந்தவனுக்கு இது தாங்க முடியாத துயரம்தான் என்று இதமாகத் தொடங்கினார். பிறகு கணக்குக்கு வந்தார். லூ பூ முரடன், அவனோடு சேர்ந்தவர்கள் நிலைக்க மாட்டார்கள். சாவோ சாவோவே கடைசியில் வெல்வார். நீ ஃபானைக் காத்தால் நான் துங்-அவைக் காப்பேன். கட்சி மாறினால் தாயும் மகனும் சேர்ந்தே அழிவீர்கள். ஜின் யுன் அழுதார். தனக்கு இரண்டு மனம் இல்லை என்றார். சென் கொங் தரப்பில் ஊரை வாங்கிக்கொள்ள வந்திருந்தவனைச் சந்திக்கப் போய், மறைந்திருந்த ஆட்களை விட்டுக் கொன்றுவிட்டு, திரும்பி வந்து மதிலைக் காத்தார்.

ஃபான் தப்பியது. செங் யூ ஆற்றுத்துறையை அடைத்துவிட்டதால் சென் கொங்கால் கடந்து வர முடியவில்லை. திரும்பி வந்த சாவோ சாவோ செங் யூவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லையென்றால் எனக்குத் திரும்பி வர இடமே இருந்திருக்காது என்றார். பதவியும் கொடுத்தார், செங் யூ பாளையமிறங்கியது அதே ஃபானில். ஜின் யுன்னைப் பற்றியோ, அவர் தாயைப் பற்றியோ அதன்பின் வரலாற்று நூலில் ஒரு வரி கிடையாது.

ஷு ஜோங் என்ற பிற்கால விமர்சகர், சாவோ சாவோவுக்கும் ஜின் யுன்னுக்கும் ஆண்டான் அடியான் உறவே உறுதிப்படவில்லை, தாய்தான் பெரிது, அவர் போயிருக்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதினார்.  நான் அந்தத் தீர்ப்பில் கையெழுத்திட மாட்டேன், மறுக்கவும் மாட்டேன். என் கண் செங் யூவின் மேல்தான்.

ஏனென்றால் அதே ஆண்டு இன்னொன்று நடந்தது. சாவோ சாவோவும் லூ பூவும் நூறு நாளுக்கு மேல் மோதினார்கள். வெட்டுக்கிளி வந்து விளைச்சலைத் தின்றது. சோறில்லாமல் இரண்டு படையும் விலகின. அந்தத் தளர்ச்சியில் வடக்கே இருந்த யுவான் ஷாவ், கூட்டணி வைப்போம், உன் குடும்பத்தை என் தலைநகர் யேவுக்கு அனுப்பு என்று சாவோ சாவோவுக்குச் சொல்லி அனுப்பினார். பேச்சு நயமானது; பொருள் பணயக்கைதி. சாவோ சாவோ சம்மதிக்கும் நிலையில் இருந்தார். தடுத்தவர் யார்? செங் யூதான். மாகாணம் சிதைந்தாலும் நம்மிடம் இன்னும் மூன்று ஊர்கள் இருக்கின்றன, பணியாதீர்கள் என்று வாதாடினார்.

அந்த மூன்றில் ஒன்று ஃபான்.

செங் யூவை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் கணக்கு இரண்டு தடவையும் சரியாகவே வந்தது. ஆனால் தலைவரின் குடும்பம் என்றதும் அனுப்பக் கூடாதது ஆயிற்று. ஊர் அதிகாரியின் குடும்பம் என்றதும் தாங்கிக்கொள்ள வேண்டியது ஆயிற்று. நீங்கள் ஜின் யுன்னாக இருக்கப்போவது சில ஆண்டுகள்தான். அதன்பின் கீழே வேலை பார்ப்பவரிடம், இன்று ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் இடத்துக்கு வந்துவிடுவீர்கள். நன்றாகப் பேசவும் தெரிந்திருக்கும். அதற்குத்தானே இத்தனை ஆண்டுகள் படித்தீர்கள்.

வேறு விதமாகவும் நடக்க முடிந்தது. அதே கலகத்தில் பி சென் என்ற அதிகாரியின் தாயும் குடும்பமும் எதிரியிடம் சிக்கின. சாவோ சாவோ அவரைக் கூப்பிட்டு, உன் தாய் அங்கே இருக்கிறாள், போய் வா என்றார். பி சென் தரையில் விழுந்து வணங்கி, தனக்கு இரண்டு மனம் இல்லை என்று சத்தியம் செய்தார்; வெளியே வந்ததும் ஓடிப்போனார். லூ பூ தோற்றபோது பிடிபட்டார். தலை போகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். தாயிடம் அன்புள்ளவன் தலைவனிடமும் விசுவாசமாக இருப்பான், நான் தேடுவது இப்படிப்பட்டவனைத்தான் என்று சொல்லி, சாவோ சாவோ அவரை லூ நாட்டின் நிர்வாகப் பொறுப்பில் அமர்த்தினார். ஷு மாகாணத்தில் பொதுமக்களைக் கொன்று குவித்ததும் இதே சாவோ சாவோதான் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.