நட்டால் மட்டும் போதுமா?
கண்டற் காட்டைக் காப்பது ஊரார் கடன்

(மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள கிராமமொன்றின் வாசிகசாலையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வாவியை நம்பி வாழும் மக்களிடம் கண்டற் காட்டின் பெருமையைப் பேசுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும், நன்கறிந்த ஒரு செல்வத்தையே நாம் கண்முன்னால் இழந்து வருகின்றோம். ஆதலின் பேசாதிருக்க இயலவில்லை.

கண்டலின் விதை தாய்மரத்தில் தொங்கும்பொழுதே முளைவிட்டு, ஈட்டிபோல் நீண்டு, பின்னர் சேற்றில் வீழ்ந்து வேரூன்றுகிறது. வில்லாய் வளைந்த அதன் வேர்களிடையேதான் இறாற் குஞ்சும், நண்டும், சிறுமீனும் பெருமீனின் வாய்க்குத் தப்பி வளர்கின்றன. கண்டலை வெட்டுபவன் அடுத்த ஆண்டின் வலையையே வெட்டுகிறான்.

அழிவு எவ்வாறு வந்தது? விறகுக்கென வெட்டினோர் சிலர். போர்க்காலத்தில் பாதுகாப்பின் பெயரால் இவ்வாவிக் கரையிலும் காடு வெட்டப்பட்டது. மேற்குக் கரையிலோ, புத்தளம், சிலாபம் பகுதிகளில், 1980ஆம் ஆண்டுகள் முதல் இறாற் பண்ணைகளுக்காகக் கண்டல் அழிக்கப்பட்டது. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியது, இறால் மடிந்தது, பண்ணைகள் பல கைவிடப்பட்டன. இலாபம் கண்டவர் போய்விட்டனர். பாழ்நிலமே ஊராருக்கு மிஞ்சியது!

2004 மார்கழி 26ஆம் நாள் ஆழிப் பேரலை வந்தது. அதன் பின்னர், கண்டல் நடும் முயற்சி கரையோரமெங்கும் எழுந்தது. நோக்கம் நல்லதே. விளைவு யாது? 23 இடங்களை ஆராய்ந்த அறிஞர்களின் அறிக்கை 2017இல் வெளிவந்தது. 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரையான நிலத்தில் கன்றுகள் நடப்பட்டிருந்தன. வெற்றி கண்டதோ 200 முதல் 220 ஹெக்டேர் மட்டுமே! 9 இடங்களில் ஒரு கன்றுதானும் உயிருடன் இல்லை!

ஏன் இந்த நிலை? கண்டல் உவர்நீரில் வளரும் மரந்தான். ஆயினும் இளங்கன்று எந்நேரமும் நீரில் மூழ்கிக் கிடப்பின் மூச்சற்று மடியும். நீர் ஏறி வடியும் இடத்தில் நடவேண்டியதைப் பல இடங்களில் ஆழத்தில் நட்டனர். கன்று எளிதிற் கிடைக்கின்றதென்று, நிலத்தின் தன்மை பாராது ஓரினத்தையே நட்டனர். மாடுகள் மேய்ந்தன, மிதித்தன. நடுவிழாவுக்கு வந்தோர் பின்னர் அப்பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. எத்தனை நட்டோம் என்று கணக்கெழுதியவர் பலர். எத்தனை பிழைத்தன என்று எண்ணியவர் மிகச் சிலர்.

தோழர்களே! இவ்வாவியின் குணத்தை அறிந்தவர் யார்? மாரியில் முகத்துவாரம் வெட்டினால் நீர் எவ்வளவு வடியும், கோடையில் எந்தத் திட்டி வெளியே தெரியும், மாடு எவ்வழியே இறங்கும் என்பவற்றையெல்லாம் இங்கு தோணி வலிக்கும் மீனவர் அறிவர். அவரைக் கேளாது நட்டால் கன்று பிழைப்பதெங்ஙனம்?

நாட்டின் கண்டற் காடுகள் அனைத்தையும் காப்பதென 2015இல் அரசு முன்வந்தது. 'சுதீச' என்னும் இலங்கை அமைப்பும், அமெரிக்காவின் 'சீகாலஜி'யும் அதனுடன் கைகோத்தன. கரையோரப் பெண்களுக்குக் கடனும் தொழிற் பயிற்சியும் அளித்து, காட்டைக் காக்கும் பொறுப்பையும் அவர்களிடமே ஒப்படைப்பது அத்திட்டத்தின் வழி. விறகு விற்று அடுப்பெரிக்கும் ஏழைத் தாயிடம் "வெட்டாதே" என்று சொன்னால் மட்டும் போதாது. அவள் அடுப்பெரிய வேறு வழியும் காட்டவேண்டும் என்பதை அது உணர்ந்திருந்தது. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றாடல் அமைப்பு, இலங்கையின் கண்டல் மீட்புப் பணியை உலகுக்கு முன்மாதிரியானவற்றுள் ஒன்றெனப் பாராட்டியது. பாராட்டு நாட்டிற்குரியது. காவலோ கரையில் வாழும் நம்முடையது!

ஆகவே மூன்று கருமங்களை உங்கள் முன் வைக்கின்றேன். முதலாவது, நிற்கும் காட்டைக் காப்போம். அங்கு குப்பை கொட்டுவதையும், மண் நிரப்பி நிலம் பிடிப்பதையும் எவர் செய்யினும், அவர் நம் உறவினரேயாயினும், தடுத்து நிறுத்துவோம். இரண்டாவது, அடைபட்ட நீரோடைகளைத் திறந்து, மாடு புகாது வேலியிடுவோம். நீர் சீராக ஏறி வடியுமாயின், தாய்மரங்கள் அண்மையில் உள்ள இடங்களில் விதை தானே வந்து முளைக்கும். மூன்றாவது, அவ்வாறு முளைக்காத இடத்தில் மட்டும் நடுவோம். நட்டவற்றை ஆண்டுதோறும் எண்ணி, பிழைத்தவை இத்தனை, மடிந்தவை இத்தனை என்று இதே வாசிகசாலையில் ஒளிவின்றி வாசிப்போம்.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். இன்று முளைக்கும் கன்று காடாவதைக் காண்போர் நம் பிள்ளைகளே. வெறும் சேற்றையும் வெற்று வலையையும் அவர்களுக்கு முதுசமாக விட்டுச் செல்வோமா, மீன் பெருகும் வாவியை விட்டுச் செல்வோமா? அதனை முடிவு செய்ய வேண்டியவர்கள் இங்கே அமர்ந்திருக்கும் நீங்களே.