பிள்ளை தங்கியதும் தைரொயிட் மாத்திரையை நிறுத்தாதீர்கள்
(கிளினிக் தினத்தன்று தாய்மார் மத்தியில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்திருக்கிறீர்கள். அதிக நேரம் எடுக்க மாட்டோம்.

கழுத்துக்கு முன்னால் வண்ணாத்திப்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைரொயிட். அது சுரக்கும் ஹோர்மோன் இல்லாவிட்டால் வயிற்றுப் பிள்ளையின் மூளை சரியாக வளராது. முதல் மூன்று மாதம் பிள்ளையால் அதைத் தானே சுரக்க முடியாது. தாயிடமிருந்துதான் போக வேண்டும்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், நம்ம தோட்டத்துத் தங்கச்சி ஒருவர் கலியாணத்துக்கு முன்பிருந்தே தைரொக்சின் மாத்திரை குடித்து வந்தவர். பிள்ளை தங்கியதும், "வயித்துல புள்ள இருக்கையில மாத்திரை எதுக்கு?" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அவரும் நிறுத்திவிட்டார். கிளினிக்கிலும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, அது எங்கள் பிழை. ஐந்தாம் மாதம் முகம் ஊதி, மலை ஏற முடியாமல் களைத்து வந்தபோதுதான் விசயம் தெரிந்தது.

பெரியவர்கள் பாசத்தில்தான் சொன்னார்கள். ஆனால் இந்த மாத்திரை, உடம்பு சுரக்க வேண்டியதையே வெளியிலிருந்து கொடுக்கிறது. கர்ப்ப காலத்தில் பெரும்பாலும் அளவைக் கூட்டத்தான் வேண்டி வரும். எவ்வளவு என்று இரத்தம் சோதித்து டொக்டர் சொல்வார். ஆகவே நாள் தள்ளிப்போனது தெரிந்தவுடனே போய்ச் சொல்லுங்கள்.

குடிக்கும் விதமும் முக்கியம். விடிய எழும்பியதும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடிக்க வேண்டும். அரை மணித்தியாலமாவது கழித்துத்தான் தேத்தண்ணி. பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் கஷ்டம்தான், எங்களுக்கும் தெரியும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளை அதோடு சேர்த்து விழுங்கினால் தைரொயிட் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. நான்கு மணித்தியாலம் விட்டுக் குடியுங்கள்.

மாத்திரை தேவைப்படாத தாய்மாருக்கும் அயடீன் வேண்டும், நாளைக்கு 250 மைக்ரோகிராம். நம் நாட்டில் 1995 முதல் சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்க்கப்படுகிறது. அதைச் சிரட்டையில் போட்டு அடுப்பங்கரையில் திறந்து வைத்தால் அயடீன் குறைந்துவிடும். மூடியுள்ள போத்தலில் வையுங்கள். அதற்காக உப்பைக் கூட்டிப் போடச் சொல்லவில்லை!

அடுத்தது பிறந்த பிள்ளை. ஆஸ்பத்திரியில் குதிகாலில் குத்தி ஓரிரு சொட்டு இரத்தம் எடுப்பார்கள். "பச்சப்புள்ளைக்கு ஊசியா?" என்று தடுக்காதீர்கள். தைரொயிட் வேலை செய்யாமல் சில ஆயிரத்தில் ஒரு பிள்ளை பிறக்கிறது. பார்வைக்கு எல்லாப் பிள்ளைகளையும் போலவே இருக்கும். அழாமல் தூங்கிக்கொண்டே இருந்தால் "நல்ல புள்ள" என்று நாமும் விட்டுவிடுவோம். இரண்டு கிழமைக்குள் மருந்து தொடங்கினால் மற்றப் பிள்ளைகளைப் போல வளரும், படிக்கும். மாதக்கணக்கில் பிந்தினால் மூளைக்கு வந்த குறையைப் பிறகு எந்த மருந்தாலும் தீர்க்க முடியாது.

அதனால் ஆஸ்பத்திரியில் விலாசம் கேட்டால் தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். டிவிசன், லயத்து நம்பர், வீட்டில் எப்போதும் எடுக்கிற போன் நம்பர், மூன்றையும் கொடுங்கள். நம்பர் மாறினால் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள்.

நாம் சொன்ன தங்கச்சி மறுபடி மாத்திரை குடித்து, பிள்ளையும் பெற்றுவிட்டார். குதிகால் இரத்தத்தில் குறை இல்லை என்று வந்திருக்கிறது. இருந்தாலும் பிள்ளை தவழுவது, பேசுவது எல்லாவற்றையும் கிளினிக்கில் கவனித்து வருகிறோம். தன் கதையை இங்கே சொல்லச் சொன்னவரும் அவர்தான்.