பெற்ற வயிறும் திரு இருதயமும்



ஜூன் மாதம் திரு இருதயத்தின் மாதம். வீடுகளில் திரு இருதயப் படத்தின் முன் விளக்கேற்றி மன்றாட்டுமாலை சொல்கிற மாதம். எனவே இன்று 'இதயம்' என்ற சொல்லைப் பற்றியே பேச நினைக்கிறேன். ஒரு துக்க வீட்டில் எனக்கு நேர்ந்த தடுமாற்றத்திலிருந்து தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு பங்கில் இருந்தபோது, 24 வயது இளைஞர் ஒருவர் சாலை விபத்தில் இறந்துபோனார். பெரிய நகரத்தில் வேலை பார்த்தவர். அடக்கத் திருப்பலி முடிந்ததும், அவரோடு வேலை செய்தவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய இரங்கல் கடிதம் ஒன்றைக் கொடுத்தார்கள். "பாதர், அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நீங்களே தமிழில் சொல்லிடுங்க" என்றார்கள். அரைப் பக்கக் கடிதம்தான். குருமடத்தில் ஆங்கிலத்திலேயே இறையியல் படித்தவன் நான், இதிலென்ன சிரமம் என்று மைக்கைப் பிடித்தேன்.

அந்த அரைப் பக்கத்தில் 'ஹார்ட்' என்ற சொல் நான்கு இடங்களில் இருந்தது.

முதல் இடத்தில் 'இதயங்கனிந்த அனுதாபங்கள்' என்று சொல்லிவிட்டேன். 'இதயங்கனிந்த' என்பது நம் ஊர்ச் சுவரொட்டிகளில் பிறந்தநாள் வாழ்த்துக்கு மேலே நிற்கிற சொல். இரங்கலுக்கு 'ஆழ்ந்த' என்றுதான் சொல்ல வேண்டும். நாக்கு முந்திக்கொண்டது. இரண்டாவது இடத்தில், 'எங்கள் இதயங்கள் உங்களை நோக்கி வருகின்றன' என்றேன். உங்கள் துயரத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம் என்பதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். தமிழில் கேட்டபோது முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூன்றாவது, 'தங்க இதயம் கொண்டவர்' என்றேன். 'தங்கமான பிள்ளை' என்று அங்கிருந்த எந்தப் பாட்டியும் அழகாகச் சொல்லியிருப்பார்.

நான்காவது இடத்தில் தேறிவிட்டேன். 'மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்' என்று நல்ல தமிழில் சொன்னேன். ஆனால் தவறான மூன்றுக்கும் பேசாதிருந்த அந்தத் தாய், சரியாகச் சொன்ன இந்த ஒன்றுக்குத்தான் வாய் திறந்தார்.

"மனசுக்கு என்ன சாமி? பெத்த வயிறு பத்தி எரியுதே, அதுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

என்னிடம் வார்த்தை இல்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நேயர்களே, 'ஹார்ட்' என்ற ஒரே சொல்லுக்குள் ஆங்கிலேயர் எத்தனையோ காரியங்களைக் குடிவைத்திருக்கிறார்கள். நாம் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறோம். மருத்துவர் பரிசோதிப்பது இதயம். ஆனால் அதற்கு இரத்தம் செல்வது தடைபட்டால் மாரடைப்பு. பாடத்தை ஒப்பிப்பது மனப்பாடம். இரக்கமில்லாதவனுக்குக் கல்நெஞ்சு. திருந்தி வருவது மனமாற்றம். அகராதியில் 'ஹார்ட்' என்ற சொல்லைத் தேடினால் இதயம், நெஞ்சு, உள்ளம், மனம் எல்லாம் இருக்கும். வயிறு மட்டும் இருக்காது.

ஆனால் நம் வீடுகளில் எப்படிப் பேசுகிறோம்? பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. மகள் இரவில் வீடு திரும்பத் தாமதமானால் தாய் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்று சொன்னால், "வயித்துல பால வார்த்தீங்க" என்கிறாள்.

உணர்ச்சி உடம்பில் எங்கே குடியிருக்கிறது என்பது மொழிக்கு மொழி மாறும். மலேசியாவில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மலாய் மொழியில் 'ஹாத்தி' என்றால் ஈரல். கடையில் கோழி ஈரல் கேட்பதும் அதே சொல்லால்தான். ஆனால் மனம் உடைந்துபோனால் அவர்களுக்கு உடைவது 'ஹாத்தி'தான். இந்தோனேசியக் கத்தோலிக்கர் திரு இருதய ஆண்டவரை 'ஹாத்தி குடுஸ் யேசுஸ்' என்றே அழைக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் இயேசுவின் திரு ஈரல்! சிரிக்க வேண்டாம். நாம் படத்தின் முன் வைக்கிற அதே பக்தியைத்தான் அவர்களும் வைக்கிறார்கள்.

விவிலியத்துக்கு வருவோம். எபிரேயருக்கு இதயம் என்பது முதலில் சிந்திக்கிற இடம். 1 அரசர்கள் நூல் 3-ஆம் அதிகாரத்தில் சாலமோன் ஞானம் கேட்கிறார் அல்லவா? மூலத்தில் அவர் கேட்பது 'கேட்கும் இதயம்'. எரேமியா நூலில் மனிதரின் உள்ளத்தைக் கடவுள் சோதித்தறிகிறார் என்று வரும் இடத்தில், எபிரேயத்தில் இதயத்தோடு சிறுநீரகமும் இருக்கிறது. சரி, இரக்கம் எங்கே இருக்கிறது? எபிரேயத்தில் இரக்கத்துக்கான சொல் 'ரஹமீம்'. கருப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' என்ற சொல்லோடு உறவுடையது. சாலமோன் கேட்கும் இதயத்தைப் பெற்ற அதே அதிகாரத்தின் முடிவில், ஒரு குழந்தைக்காக இரண்டு பெண்கள் வழக்காடி வருகிறார்கள். வாளைக் கொண்டுவரச் சொன்னதும் உண்மையான தாய்க்கு என்ன ஆயிற்று? அவளது 'ரஹமீம்' கொதித்தது என்கிறது மூலம். நம் தாய்மார் மொழியில் சொன்னால், பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. 'ஸ்பிளாங்க்னா' என்றால் கிரேக்கத்தில் வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகள், குடல் உட்பட. அதிலிருந்து பிறந்த ஒரு வினைச்சொல் முதல் மூன்று நற்செய்திகளில் 12 இடங்களில் வருகிறது. குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்ட சமாரியருக்கும், தொலைவில் வரும் இளைய மகனைக் கண்ட தந்தைக்கும் அதே சொல். பெரும்பாலான இடங்களில் அது இயேசுவையே குறிக்கும். 1611-இல் வந்த புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு, பவுலின் திருமுகங்களில் இந்தக் குடலைக் குடல் என்றே வைத்திருந்தது. பிற்கால ஆங்கிலேயருக்கு அது கூச்சமாக இருந்தது. இதயம், இரக்கம் என்று மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் குருக்கள் பெரும்பாலும் ஆங்கில விளக்கவுரையைப் படித்துத்தான் மறையுரை தயாரிக்கிறோம். அவர்களது கூச்சமும் சேர்ந்தே எங்களிடம் வந்துவிடுகிறது. இத்தனைக்கும் குருமடத்தில் பேராசிரியர் அந்தக் கிரேக்கச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியபோது நானும் அதைக் குறித்துக்கொண்டவன்தான். தேர்வுக்கு எழுதினேன், மதிப்பெண் வாங்கினேன். அந்தத் தாயின் முன் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை.

நயீன் ஊர் வாசலில் இயேசு சந்தித்ததும் அப்படி ஒரு தாயைத்தான். கைம்பெண். ஒரே மகன். பாடை வெளியே வருகிறது. லூக்கா நற்செய்தி 7-ஆம் அதிகாரம். நமது பொது மொழிபெயர்ப்பில் 'பரிவு' என்ற சொல் இருக்கிறது. நல்ல சொல், குறை சொல்லமாட்டேன். ஆனால் லூக்கா எழுதியது அந்த வயிற்றுச் சொல்லை. ஆணாகப் பிறந்த ஆண்டவருக்கு, பிள்ளை பெறாத ஆண்டவருக்கு, அந்தத் தாயைக் கண்டதும் வயிறு எரிந்தது என்கிறார் நற்செய்தியாளர்.

திரு இருதயப் பக்தி 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் புனித மார்கரீத் மரியா அலக்கோக் வழியாகப் பரவியது. 1856-இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அதன் விழாவைத் திருஅவை முழுவதற்குமாக விரிவுபடுத்தினார். மார்பில் முள்முடி சுற்றி எரிகிற அந்த இதயத்தைப் படத்தில் நாம் பார்க்கிறோம். அந்தத் தீ அப்போது மூட்டப்பட்டதல்ல. நயீன் ஊர் வாசலிலேயே எரிந்துகொண்டிருந்தது.

அந்த இளைஞரின் முப்பதாம் நாள் திருப்பலிக்கு நயீன் வாசகத்தைத் தேர்ந்துகொண்டேன். வாசகத்தின் சொல்லை மாற்ற எனக்கு உரிமை இல்லை; 'பரிவு' என்றே வாசித்தேன். பிறகு மறையுரையில், "அம்மா, அன்றைக்கு நீங்கள் ஒரு வார்த்தை கேட்டீர்கள். எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது" என்று தொடங்கி, இந்தக் கிரேக்கச் சொல்லின் கதையை ஐந்து நிமிடம் சொன்னேன். அவர் அழவுமில்லை, தலையாட்டவுமில்லை.

திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது கல்லறைக்குப் போகிற வழியில் நின்றிருந்தார். "அவருக்கும் வயிறு எரிஞ்சுதா சாமி?" என்று கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன்.

கையில் வைத்திருந்த மெழுகுதிரிகளில் ஒன்றை என்னிடம் நீட்டினார். இருவரும் கல்லறைக்கு நடந்தோம்.