பூமியின் வயதைச் சொன்ன கல்



பாட்டியிடம் வயதைக் கேட்டால், "பெரிய புயல் அடித்ததே, அந்த வருஷம் பிறந்தேன்" என்பார். பூமியின் வயதை யாரிடம் கேட்பது? அது பிறந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் சாட்சி உண்டு. அந்தச் சாட்சி ஒரு கல்.

சூரியனும் பூமியும் பிறக்கும் முன்பு ஒரு பெரிய மேகம் இருந்தது. அது மழை மேகம் அல்ல. வாயுவும் தூசியும் கலந்த மேகம். தன் ஈர்ப்பு விசையால் அது சுருங்கியது. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றிப் பாருங்கள். கயிறு விரலில் சுற்றிக் குறையக் குறைய, கல் வேகமாகச் சுற்றும். மேகமும் சுருங்கச் சுருங்க வேகமாகச் சுழன்றது. தோசைபோல் தட்டையானது.

நடுவில் திரண்டது சூரியன். 100 பங்கில் 99 பங்குக்கு மேல் அதற்கே போய்விட்டது. மீதியில்தான் பூமியும் மற்ற கோள்களும் உருவாயின. எப்படி? கட்டிலுக்கு அடியில் தூசி சேர்ந்து உருண்டையாகும் அல்லவா? அதுபோல் தூசி ஒட்டிக் கல்லானது. கல் சேர்ந்து பாறையானது. பாறைகள் மோதிச் சேர்ந்து கோள்கள் ஆயின.

சூரியனுக்கு அருகே வெப்பம் அதிகம். அங்கே பனிக்கட்டி தங்கவில்லை. கல்லும் இரும்பும் தங்கின. பூமி அங்கே பிறந்தது. தொலைவில் குளிர் அதிகம். பனிக்கட்டியும் வாயுவும் சேர்ந்தன. வியாழனும் சனியும் அங்கே பிறந்தன.

பிறந்த புதிதில் பூமி உருகிக் கொதித்தது. அதன் முதல் பாறைகள் அழிந்துவிட்டன. ஆனால் வீடு கட்டியபின் செங்கல் மிஞ்சுவதுபோல், சேராத பாறைகள் மிஞ்சின. அவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இன்றும் சுற்றுகின்றன. அவற்றின் துண்டுகள் சில சமயம் பூமியில் விழுகின்றன.

1976 ஜனவரி 28 இரவு, குஜராத்தில் தஜாலா கிராமத்தைச் சுற்றி இப்படிக் கற்கள் விழுந்தன. அவற்றுக்குள் கடுகைப் போன்ற சிறு உருண்டைகள் இருந்தன. அந்தப் பழைய தூசி உருகி, துளியாகிக் குளிர்ந்ததே அந்த உருண்டை.

வயது எப்படித் தெரிந்தது? யுரேனியம் என்ற உலோகம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். அந்த வேகம் மாறாது. ஈயத்தை அளந்தால் வயது தெரியும். 1956-ல் அமெரிக்க விஞ்ஞானி பாட்டர்சன் விண்கற்களில் இப்படி அளந்தார். பூமிக்குச் சுமார் 455 கோடி வயது என்றார். அந்தக் கணக்கு இன்றும் நிற்கிறது.

உங்கள் ஊரில் வானத்திலிருந்து கல் விழுந்தால் அஞ்ச வேண்டாம். கெட்ட சகுனம் என்று எறிய வேண்டாம். உடைத்துப் பங்கு போடவும் வேண்டாம். தாசில்தாரிடம் சொல்லுங்கள். அது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குப் போய்ச் சேரட்டும். கல்லை இழந்தால் சாட்சியை இழப்போம்.